இருமலை மறைக்கமாட்டேன்

காஜா பேராங், மலாக்கா
12-9-1957

அன்புள்ள அத்தான்,

ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்சூரன்ஸ் விஷயமாக ஏஜெண்டு கருணாகரன் வந்தார். "டாக்டர் முன்னால மட்டும் இருமாம சமாளிச்சிருங்கக்கா, பாலிசி கெடச்சிரும்" என்றார். மறைத்து வாங்கினால், ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு கம்பெனி கண்டுபிடித்துக் கைவிரித்துவிடும். நீங்கள் சிங்கப்பூரிலிருந்து சேரச் சொன்ன சங்கத்து மரண நிதிக்குச் சந்தா குறைவுதான். ஆனால் நான் செத்தால்தானே கொடுப்பார்கள்?

கம்பெனி டாக்டர் எதிரிலேயே நன்றாக இருமினேன். கைக்குட்டையில் பட்டிருந்த ரத்தத்தையும் காட்டினேன். பாலிசி கிடையாது என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நாளை போய்ப் படுக்கிறேன்.

மரண நிதிக்கு நீங்கள் அனுப்பிய சந்தாவில் ஆஸ்பத்திரிக்கு ஒரு கம்பளி வாங்கிக்கொண்டேன்.

லீவு கிடைத்தால் வாருங்கள். கருமாதிக்கு வருகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு வரவேண்டாம்.

பிழைத்து வரப்போகும்
உங்கள் மனைவி