தமிழ் பேசிய மந்திரி

ஊல கிரகம்,
ஆடி, 1966

நைனாவின் பாதங்களுக்கு மகள் மருதேவியின் வணக்கம். உங்கள் இருமல் தணிந்ததா? அம்மா செஞ்சிக் கடைத்தெருவுக்கு நடந்து போய்வருகிறாளா? நான் சுகம். இங்கே சூரியன் மறைவதே இல்லை. அதனால் பொழுது சாயும் முன் சாப்பிடும் நம் சமண வழக்கத்துக்கு ஒரு சிரமமும் இல்லை.

போன வாரம் சபையில் சின்னச் சலசலப்பு, பயப்படாதீர்கள். தண்ணீருக்காகச் சண்டையிட்டுவந்த ஊலர்களும் நிசர்களும் சமாதானம் பேசினார்கள். இருவருக்கும் மொழிபெயர்ப்பவள் நான் ஒருத்திதான். முந்தின நாள் ஊலர்களின் படை மந்திரி கோரன் என் அறைக்கு வந்தார். அவர் என்னிடமே தமிழ் கற்றவர்.

"நிசர் தூதன் 'பங்கு போட்டுக்கலாம்'னு சொல்லுவான். நீ 'எல்லாம் எங்களுக்கே'ன்னு மாத்திச் சொல்லிடு. ஒரு வார்த்தைதானே, இன்னா ஆயிடப் போவுது?"

"சண்டை வந்துடுமுங்க."

"வந்தாதான் எனக்குப் பதவி."

சபையில் தூதன் சொன்னதை அப்படியே சொன்னேன். "இவள் பொய் சொல்கிறாள்" என்று கோரன் கத்தினார். அதனால் முந்தின நாள் அவர் என்னிடம் கேட்டதையும் சொல்ல வேண்டியதாயிற்று. தூதனும் தண்ணீரை இரண்டு குவளைகளில் சரிபாதியாக ஊற்றிக் காட்டினான்; சபை என்னை நம்பியது, ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காவலர்கள் அவரை இழுத்துப் போகும்போது என்னைப் பார்த்து, "வேளைக்குச் சாப்டும்மா" என்றார்.

இரு தரப்பினரும் என்னைப் புகழ்கிறார்கள். ஆனால் என் அறைக்கு யாரும் வருவதில்லை. தமிழில் பேச இனி இங்கே ஆளில்லை.

ஒரு நூல் புடவையும் கொஞ்சம் அரிசி அப்பளமும் அனுப்புங்கள். கடிதத்தை இலக்கணமாக எழுதாமல், வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். நான் வாய்விட்டுப் படித்துக்கொள்வேன். தபால் கப்பலில் மணி அடித்துவிட்டார்கள்.

உங்கள்
மருதேவி