நரம்புக்குழாய் என்று நானே படித்தேன்

டீச்சரம்மா,

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டைத் தட்டைத் தூக்கிப் பழகிய கை இது. பேனாவை அழுத்தினால் தாள் கிழிகிறது, தளர்த்திப் பிடித்தால் பேனா நழுவுகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆனால் எழுதுவது நானேதான். உங்களை அடக்கம் செய்த அன்று சர்ச் வாசலில் ஒரு தாள் கொடுத்தார்கள். உங்கள் படத்துக்குக் கீழே என்னவோ அச்சடித்திருந்தது. படிக்கத் தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த மாதமே பம்மல் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பேத்தியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அவளுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது. அவள் சீட்டு வாங்க வரிசையில் நின்றாள், நான் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் படித்தேன். இப்போதெல்லாம் எழுத்தைக் கண்டால் விடுவதில்லை. எச்சில் துப்பாதீர். படித்தேன். காலணிகளை வெளியே விடவும். அதையும் படித்தேன். அதற்கு மேலே ஒரு பெரிய சுவரொட்டி. ந, ர, ம், பு, க். அப்புறம் கு, ழா, ய். சேர்த்துச் சொன்னதும் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டேன். உங்கள் வாயால் மட்டுமே கேட்டிருந்த சொல் அது! அதற்கு இப்படியொரு உருவம் இருப்பதே எனக்குத் தெரியாது.

"யம்மாடி, இங்க வா! டீச்சரம்மா வார்த்தை சொவத்துல கீது!" என்று கத்திவிட்டேன்.

"தாத்தா, கொஞ்சம் சும்மா இருங்க, ஊசி போட்டுகினு இருக்கேன்" என்று நர்ஸ் உள்ளிருந்து அதட்டினார்.

அந்தச் சொல்லை உங்களிடம் கேட்டது, சேலையூரில் உங்கள் வீட்டுக்குச் சைக்கிளில் முட்டை கொண்டுவந்த காலத்தில். "அண்ணா, காலேஜுக்கு முட்டை வேணும். கரு எப்படி வளருதுன்னு பசங்களுக்குக் காட்டணும்" என்றீர்கள். காலேஜுக்கு என்றதும் எனக்குப் பெருமை. பண்ணை முட்டையில் பெரிது பெரிதாகப் பொறுக்கிக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது கேட்டில் சிரித்துக்கொண்டு நின்றீர்கள்.

"அண்ணா, உங்க முட்டையில ஒண்ணுமே வளரல."

"சைஸு பத்தலியா டீச்சரம்மா?"

"சைஸ் இல்ல அண்ணா. சேவல் பத்தல."

பண்ணையில் சேவலே கிடையாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பிறகு பம்மலில் சேவல் திரிகிற வீடாகத் தேடிப் போனேன். "இன்னா முட்டைக்காரே, முட்டைக்கு அப்பன் பேரெல்லாம் கேட்டுகினு வர்ற?" என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

அந்த முட்டைகளைப் பல்பு எரியும் பெட்டிக்குள் ஒன்றரை நாள் சூட்டில் வைத்தீர்கள். "கொண்டு வந்தவர் பார்க்க வேணாமா?" என்று என்னையும் கல்லூரிக்கு வரச்சொல்லி, மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைக்கச் சொன்னீர்கள். சின்ன இலை போல ஒன்று தெரிந்தது. முதுகு வரவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். அதன் இரண்டு கரையும் எழும்பி, ஒன்றை நோக்கி ஒன்று குனிந்து, நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"சோமாசு ஓரத்தை ஒட்டுற மாதிரி கீதே."

"அதேதான் அண்ணா! ஒட்டி மூடினா குழாய். நரம்புக்குழாய். முன்பக்கம் உப்பி மூளை ஆகும், மிச்சம் தண்டுவடம்."

"கோழிக்கா?"

"கோழிக்கு, மீனுக்கு, தவளைக்கு, உங்களுக்கு, எனக்கு. எல்லாருக்கும் ஆரம்பம் இப்படித்தான்."

அந்தக் குழாய்தான் என்னை அடுத்ததைக் கேட்க வைத்தது. "மூடாம போனா?" என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டீர்கள். அப்போதுதான் என் மகள் செல்வியைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய தலைச்சன் பிள்ளை தலையின் மேல்பகுதி மூடாமலே பிறந்து, அன்றைக்கே போய்விட்டது. ஐந்தாம் மாதத்தில் ஒரு சூரிய கிரகணம். அன்று அவள் கத்திரிக்காய் நறுக்கியிருந்தாள். "புள்ள தலைய அருவாமனையில வெச்சிட்டாளே" என்று அவள் மாமியார் தெரு முழுக்கச் சொன்னாள். செல்வியும் அதை நம்பினாள். அருவாமனையைத் தொடுவதை விட்டாள். இன்னொரு பிள்ளையே வேண்டாம் என்றாள்.

"சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க" என்றீர்கள்.

செல்வி வந்தாள். மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "மனுசங்களுக்கு இது எப்ப மூடும் டீச்சரம்மா?"

"நாள் தள்ளிப் போச்சேன்னு நீ யோசிச்சிட்டு இருப்ப பாரு, அப்பவே மூடிடும். இல்லன்னா மூடாமலே நின்னுடும். உனக்குக் கிரகணம் எப்போ வந்துது?"

"அஞ்சாம் மாசம்."

அவளே யோசித்து வரட்டும் என்று காத்திருந்தீர்கள்.

"அப்ப நான் கத்திரிக்கா நறுக்கசொல்லோ, அது முன்னயே அப்பிடித்தான் இருந்துச்சா?"

"மூணு மாசம் முன்னாலயே. உன் கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப ஏன் மூடல?"

"தெரியாது செல்வி. ஃபோலிக் ஆசிட்னு ஒரு சத்து குறைஞ்சா ஆகலாம். குறையாமலும் ஆகுது. உனக்கு ஏன்னு யாராலயும் சொல்ல முடியாது. அடுத்தது வேணும்னு தோணினா, உண்டாகிறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட போய் அந்த மாத்திரையை ஆரம்பிச்சுடு."

"அப்ப மாத்திரை போடாதது என் தப்பா?"

"யாரும் சொல்லாததை நீ எப்படிச் செய்வ?"

அவ்வளவு படித்தவர் ஒருவர் தெரியாது என்று வாய்திறந்து சொல்லி நான் கேட்டது அன்றுதான். அந்தத் 'தெரியாது' மேல் இருந்த நம்பிக்கையில்தான் மற்றதையெல்லாம் செல்வி நம்பினாள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நீங்கள் கேட்டீர்கள். "பாப்பாவுக்கு என்ன பேரு வச்சே?"

எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஒரு நாள்கூட இருக்காத பிள்ளைக்குப் பெயர் எதற்கு என்று இருந்துவிட்டோம். ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட 'செல்வியின் பெண் குழந்தை' என்றுதான் இருந்ததாம். செல்வி உங்கள் காதோரம் சொன்னாள். நீங்கள் அதை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்து, "நல்ல பேரு" என்றீர்கள். அப்போதுதான் அவள் அழுதாள்.

வரும் வழியில் அரை கிலோ கத்திரிக்காய் வாங்கினாள். அவள் வீட்டுக்குப் போனதும் அருவாமனை முன்னால் உட்கார்ந்தாள்.

"இன்னாடி, துணிஞ்சி உக்காந்துட்ட?" என்றாள் மாமியார்.

"நேரமாவுது அத்தை, கொழம்பு வெக்கணும்."

அடுத்துப் பிறந்தவள்தான் என்னைச் சுவரொட்டி படிக்க விட்டுவிட்டு வரிசையில் நின்றவள். உண்டாகிறதுக்கு முன்னயே மாத்திரை போடணும் என்று செல்விதான் அவளை விரட்டி அனுப்பினாள்.

அன்று பஸ்ஸில் செல்வி அந்தப் பெயரை எனக்கும் சொன்னாள். இத்தனை வருஷம் எங்கள் இருவர் வாயில் மட்டும் இருந்தது. எங்கும் யாரும் எழுதியதில்லை. நேற்று ஒரு தாள் முழுக்க எழுதிப் பழகி, செல்வியிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்து, "சரியா இருக்கு நைனா" என்றாள். இங்கேயும் எழுதுகிறேன், பாருங்கள்.

கயல்விழி.

உங்கள் பெயரின் முதல் எழுத்து கடைசியாகச் சொல்லித்தரும் வடமொழி எழுத்துகளில் ஒன்றாம், வகுப்பில் அதை இன்னும் நடத்தவில்லை. வருகிற வாரம் நடத்துவார்களாம். வந்ததும் உங்கள் பெயரைப் போட்டே எழுதுகிறேன்.