நீ உறங்கிய பழஞ்சாரம்

அக்கா,

கூப்பன் கடையில் ரேஷனுக்குக் கிடைத்த கன்ட்ரோல் துணியில் என் மகளுக்கு ஒரு கவுன் தைத்து அம்மா நேற்றுக் கொண்டுவந்தாள். பிரித்ததுமே கஞ்சிப்பசை வாடை. ஊருக்கெல்லாம் அது திருநாள் வாடை. எனக்கு மட்டும் உன் கல்யாணமும் சாவும் ஒன்றாக வந்து நின்றன. பகல் முழுக்க கவுனைப் போட்டுக்கொண்டு திரிந்த பிள்ளை, படுக்கப் போகும்போது கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்து, "கடிக்கிதும்மா" என்று அழுதாள். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"இதுவும் அவள மாதிரியே வந்திருக்குளா" என்றாள், பிள்ளைக்குச் சிரங்கு ஒட்டிக்கொண்டதைப் போல.

ஆமாம், உன்னைப் போலத்தான். கொக்கி, மடிப்பு, தையல் எதுவும் உன் உடம்புக்கு ஆகாது. வீட்டுக்குள்ளேயே மணல் பறக்கும் கடற்கரையில் பிறந்துவிட்டு, பாயில் ஒரு மணல் இருந்தால் எழுந்து உதறுவாய். உன்னோடு படுத்த எனக்கும் உறக்கம் போகும். திட்டுவேன். அப்பாதான் அதற்கு வழி கண்டுபிடித்தார். தோணியில் கொழும்புக்குப் போய்வரும்போது இடுப்பில் கட்டிக் கட்டி, உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் நைந்துபோன தன் சாரத்தை உனக்குக் கொடுத்தார். ஆறின கஞ்சியின் மேல் படியும் ஆடை மாதிரி இருக்கும் அந்தத் துணி.

"நான் வேற எடுத்துக்கிடுதேன். பிள்ள ஒறங்கட்டும்" என்றார். அதைத் தலை வரைக்கும் சுற்றிக்கொண்டு நீ உறங்குவாய். விடியும்வரை அசையமாட்டாய்.

பிறகு உன்னை அந்தச் சங்கு வியாபாரி வீட்டில் கொடுத்தார்கள். பெரிய வீடு, தேக்குக் கட்டில், இலவம்பஞ்சு மெத்தை, கஞ்சி போட்டு விறைத்து நிற்கும் விரிப்பு. கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைவரை புதுப்பெண் கூறைப்புடவையை மாற்றக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். இரவிலும் அதுதான். பூசை முடிந்த அன்றே நீ பழஞ்சாரத்தைச் சுற்றிக்கொண்டு வெறுந்தரையில் படுத்துவிட்டாய்.

"எங்க கட்டிலு மகாராணிக்கு ஆகலயாம்" என்று உன் மாமியார் தெருவெல்லாம் சொன்னாள். அத்தான் பாட்டுக்குச் சங்கு வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேய் பிடித்திருக்கும் என்று கோயில் உபதேசியாரைக் கூட்டிவந்து உன் மேல் தீர்த்தம் தெளிக்க வைத்தார்கள். அதை நீ சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னாய்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்லளா. சரிகை குத்துச்சு, விரிப்பு குத்துது. அத ஒருத்தரும் கேக்கல."

சிரிப்பு நின்றதும் இன்னொன்றும் சொன்னாய். "ஒறங்கும்போதுகூடயா நான் மத்தவுகளுக்காக உடுத்தணும்?"

 

பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை. உனக்குக் காய்ச்சல் கண்டது. பார்க்க வருகிறவர்களுக்காக உனக்குக் கழுத்துவரை கொக்கி வைத்த ரவிக்கை மாட்டி, புது விரிப்பில் கிடத்தியிருந்தார்கள். கை முழுக்கச் சிவப்புச் சிவப்பாகக் கோடு. "சாரம் எங்கன கெடக்கு?" என்று என்னிடம் கேட்டாய். தேடினேன். அடுப்பங்கரையில், சட்டி இறக்கும் பிடிதுணியாகத் தொங்கியது. அலசி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தேன். வாசலிலேயே உன் மாமியார் பிடுங்கிக்கொண்டாள்.

"நாலு பேரு வந்து போற எடம். கந்தலப் போத்திக் கெடந்தா எங்கள என்ன நெனப்பாவ?"

சாரம் கிடைத்திருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று சொல்ல நான் மடச்சியில்லை. உறங்கியிருப்பாய். நீ கேட்டது அவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்காமல் கொட்டக் கொட்ட விழித்தபடியே உன்னைச் சாகவிட்டார்கள்.

சவப்பெட்டியில் உனக்கு என்ன உடுத்தினார்கள் தெரியுமா? அதே கூறைப்புடவை. சுமங்கலிக்கு அதுதான் முறையாம். சரிகைக்கரை உன் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. நான் அடுப்பங்கரைக்குப் போய், மறுபடியும் பிடிதுணியாகத் தொங்கிய சாரத்தை எடுத்துவந்து, அதைச் சுற்றுங்கள் என்றேன். அப்பா கொழும்பில். அம்மாதான் என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஆண்டவர் முன்னால கந்தத் துணியோடயா போவா? ஊரு பாக்கும்லா."

"பொறந்தன்னைக்கு அவரே கந்தத் துணியில சுத்தித்தானம்மா தொழுவத்துல கெடந்தாரு" என்றேன். எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்தாள். அந்த அறைக்காக நான் வருந்தவில்லை. நீ அந்தப் புடவையோடு போனதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை, அக்கா. 

சாரத்தை நான் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை. நேற்று அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் திறந்து எடுத்தேன். பாதியாகக் கிழித்து, கவுனைக் கழற்றிவிட்டு, பிள்ளைமேல் சுற்றினேன். விரலைச் சூப்பியபடி அப்படியே உறங்கிப்போனாள். அம்மா வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுபாதி என் பெட்டியில் இருக்கிறது. என்னைப் புதைக்கும்போது இதைத்தான் சுற்ற வேண்டும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நல்ல மனுஷன், குடிக்கிறவரில்லை, கை நீட்டுகிறவரில்லை. அவரும் "ஊரு பாக்கும்லா" என்றார்.

இனி அவரிடம் சொல்லிப் பயனில்லை. இதோ உறங்குகிறாளே, இவள் வளரட்டும். இவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.