முதல் நாள் எது, அக்கா?

அக்கா,

அடுப்பில் உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருக்கிறேன். கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் சேர்ந்து மணம் எழும்பியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. தீயைத் தணித்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் பிள்ளைகள் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறெதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது.

என் மூத்தவன் மகனுக்கு வங்கி வேலை கிடைத்துவிட்டது. நாங்குநேரியில் போட்டிருக்கிறார்கள். தினமும் சோற்றைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்வருகிறான். இளையவன் மகள் கோகோ விளையாடிக் கோப்பை வாங்கினாள். கோப்பை என்னவோ டம்ளர் அளவுதான், ஆனால் தெரு முழுக்கக் காட்டிவிட்டேன். உங்கள் மகளின் மூத்த பிள்ளை நர்சிங் முடித்துச் சென்னையில் வேலை பார்க்கிறாள். சின்னவள், உங்கள் மூக்கையும் கோபத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு பிறந்தாளே, அவள் பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருந்து படிக்கிறாள். வகுப்பில் முதலாவது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், அவளுடைய மதிப்பெண் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

இந்தக் களி அவளுக்குத்தான். இன்று காலையில் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“ஆச்சி, கறை மாதிரி படுது. ஒழுங்காவும் வரல, நிக்கவும் மாட்டேங்கு. இடுப்பு கடுக்குது. போன்ல பாத்தா என்னென்ன வியாதியோ போட்டிருக்கு.”

“போன மூடு. என்ன நெறம்?”

“காப்பித்தூள் மாதிரி.”

“மாசத்துக்கு நடுவுல எப்பவாச்சும் படுமா?”

“இல்ல, வாரதுக்கு முன்னாடி மட்டுந்தான். ஆனா இந்த மட்டம் கூட ரெண்டு நாளா இழுக்கு.”

“வலி தாங்குத வலியா? சுருண்டு படுக்கப் போடுதா?”

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “நீங்க என்ன டாக்டரா ஆச்சி?”

“டாக்டர் இல்லட்டி. டாக்டரம்மா முன்னால உங்க அம்மையப் பெத்த ஆச்சிக்குப் பக்கத்துல உக்காந்தவ” என்றேன்.

அந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நான் எதையாவது விட்டிருந்தால் நீங்கள்தான் திட்ட வேண்டும்.

நீங்கள் மூத்த மருமகளாக இருந்த வீட்டுக்கு நான் இளைய மருமகளாக வந்தபோதே உங்களுக்கு அந்தத் தொந்தரவு இருந்தது. ரத்தம் வருவதற்கு முன்னால் சில நாள் வெறும் கறை. அடிவயிறு கனக்கும், மார்பு கனக்கும், யார் பேசினாலும் எரிச்சல் வரும். “விருந்தாளி இன்னும் வரல, பெட்டி மட்டும் வந்துட்டுட்டி” என்று என்னிடம் கிசுகிசுத்துவிட்டுப் பின்கட்டு அறைக்குப் போய்விடுவீர்கள். அத்தை வைத்த சட்டம் அது. கறை கண்ட நேரத்திலிருந்து விலக்கு. அன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், தலைக்குக் குளிக்க வேண்டிய நாளில்தான் உங்களுக்கு ஒழுங்காகவே வரத் தொடங்கும். உடனே அத்தை எண்ணிக்கையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். மாதத்தில் பாதி நாள் உங்களுக்குத் தனித்தட்டும் தனிப்பாயும்தான். “வேலைக்குக் கள்ளம்” என்று பக்கத்து வீட்டில் பேசியதும் உங்கள் காதில் விழுந்தது.

அதையெல்லாம் சிரித்தே தள்ளியவர் நீங்கள். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. கறை படும் நாள்கள் கூடிக்கொண்டே போயின. நடு மாதத்திலும் படத் தொடங்கியது. உடம்புக்கு என்னவோ என்று நான் பயந்தேன். உங்கள் பயம் வேறாக இருந்தது.

“நான் பெத்த பிள்ளைக்குத் தாரை வாக்க நிக்க முடியாமப் போயிருமோட்டி? அந்நேரம் பாத்துக் கறை பட்டா, நீயும் ஒம் மாப்பிள்ளையும்லா நிக்கணும்?”

அத்தான் பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க, நீங்கள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்த ஒரு கை நீருக்காக எத்தனை வருஷம் காத்திருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் இடத்தில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

உடன்குடிக்குப் போய்க் கல்யாணத்துக்குக் கருப்பட்டி வாங்கி வருகிறோம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, பாளையங்கோட்டையிலேயே இறங்கி ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அந்த டாக்டரம்மா முதலில் கேட்டதே, “கடைசியா வந்தப்ப முதல் நாள் எதும்மா?” என்றுதான். எந்த நாளைச் சொல்ல என்று நீங்கள் அவர்களையே திருப்பிக் கேட்டீர்கள். கறை பட்ட நாளா, அத்தை மறுபடியும் எண்ணத் தொடங்கிய நாளா?

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பையச் சொன்னார்கள். “கறை மட்டும் படுற நாள எண்ணாதீங்க. ரத்தம் ஒழுங்கா வர்ற நாள்தான் முதல் நாள். அதுக்கு முன்னால ஒண்ணு ரெண்டு நாள் லேசாக் கறை படுறது நிறையப் பேருக்கு உள்ளதுதான். ஆனா முன்ன இல்லாதபடி நாள் கூடினா, நடு மாசத்துல பட்டா, புருஷனோட சேந்த பிறகு பட்டா, எல்லாம் நின்னு போன பிறகு பட்டா, சும்மா இருக்கக் கூடாது. வந்து காட்டணும்.”

சோதித்துப் பார்த்ததில் கருப்பை வாயில் சின்னதாகச் சதை வளர்ந்திருந்தது. அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கெட்டது ஒன்றுமில்லை என்று பதில் வரும்வரை நீங்கள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

முதல் தடவை போய்விட்டுத் திரும்புகிறபோது டவுன் கடையிலேயே கருப்பட்டி வாங்கிக்கொண்டு போனோமே, நினைவிருக்கிறதா? அத்தை ஒரு துண்டை வாயில் போட்டார்கள். “உடன்குடி வரைக்கும் போயி இந்த மண்ணையா வாங்கிட்டு வந்திய?” பின்கட்டில் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அதன் பிறகு உங்களுக்கு இழுத்துக்கொண்டு போவது நின்றது. வருவதற்கு முந்தின நாள் மட்டும் லேசாகக் கறை படும். அது கல்யாணத்தன்று காலையில் பட்டது.

மண்டபத்தில் மணப்பெண் அறைக்குள் என்னை இழுத்துக் கதவைச் சாத்தினீர்கள். செம்பை என் கையில் வைத்தீர்கள். “நீ ஊத்து. எம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேன்.”

“டாக்டரம்மா என்ன சொன்னா? இது கணக்குல இல்லன்னாள்லா?”

“அவ சர்ச்சுக்குப் போற வேதக்காரி. அவளுக்குத் தீட்டு உண்டா, தாரை உண்டா?”

“வேதக்காரின்னா நம்ம ஒடம்பு தெரியாமப் போயிருமாக்கா?”

கதவு திறந்தது. அத்தை நின்றார்கள். எவ்வளவு நேரமாக வெளியே நின்றார்களோ தெரியாது. அவர்கள் உங்களை மட்டும் பார்த்துக் கேட்டார்கள்.

“சாயமா, செவப்பா?”

“சாயந்தான் அத்தை. காப்பித் தண்ணி மாதிரி.”

வெளியே மேளக்காரர் வேகம் கூட்டினார். அத்தை என் கையிலிருந்த செம்பை வாங்கி உங்கள் கையில் திணித்தார்கள்.

“அப்ப இன்னும் வரல. போ, பெத்தவ வந்து நில்லு.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். “எனக்கும் இப்படித்தாம்ட்டி படும். எங்க மாமியா சொன்னா, இருந்தேன். எங்க அக்கா மகளுக்கு மஞ்சத் தண்ணி ஊத்தப் போகல, எந் தம்பி கல்யாணத்தப் பாக்கல. பின்கட்டுலயே இருந்தேன்.”

வேறெதுவும் சொல்லாமல் மேடைப் பக்கம் நடந்துவிட்டார்கள். அத்தனை வருஷமும் அந்த அறைக்கு உங்களை அனுப்பியவர்கள். அவர்கள் மேல் நான் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். நீங்கள் நிற்கவில்லை, ஓடினீர்கள். ஊற்றிய வேகத்தில் தண்ணீர் பாதி மாப்பிள்ளையின் வேட்டியில் கொட்டியது.

இதைக் கேட்டுவிட்டு உங்கள் பேத்தி, “அந்தப் பூட்டன் வீட்டு ஆச்சி பாவம்லா?” என்றாள், அத்தையைத்தான். பாவம்தான். இந்தத் தடவை கறை வழக்கத்தைவிட நீண்டிருப்பதால் திங்கட்கிழமை இவளை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். யாருக்கும் ஒளித்துப் போகவில்லை, இவள் அப்பாதான் காரில் கொண்டுவிடுகிறார். நம் வீட்டுப் பெண்பிள்ளை யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் எனக்கு வாயில் முதலில் வருவது அத்தையின் கேள்வி. அடுத்தது டாக்டரம்மாவின் கேள்வி. கேட்பதற்கு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தது நீங்கள்.

ஒன்றைச் சொல்லிவிட்டுக் களியை இறக்குகிறேன். சுவரில் மாலை போட்டிருக்கும் உங்கள் படம் ஆதார் அட்டைக்கு எடுத்தது. சிரிப்பே இல்லை, அது நீங்களே இல்லை. உங்கள் மகளிடம் கல்யாண ஆல்பம் இருக்கிறது. தாரை வார்க்கிற படத்தைப் புதிதாய்ப் பெரிதாய்ப் போட்டு அனுப்பு என்று கேட்டிருக்கிறேன். “போன்லயே அனுப்புதேன் சித்தி” என்றாள். போனில் வேண்டாம், சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வருகிற பெண்பிள்ளைகள் பார்க்கட்டும், அன்றைக்குச் செம்பு யார் கையில் இருந்தது என்று.