உட்கார்ந்தே ஜெயித்த டென்னிஸ்

என் குழம்பைக் குறை சொல்ல ஆளில்லாமல் செய்துவிட்டுப் போன அன்பு அண்ணிக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். டீவி டென்னிஸில் உங்களை நான் ஜெயித்த ஒவ்வொரு தடவையும் சோபாவில் உட்கார்ந்துதான் இருந்தேன். காலை வேறு நீட்டிக்கொண்டு. சில நாள் மடியில் முறுக்குத் தட்டும் இருந்தது. கடித்தால் உங்களுக்குக் கேட்டுவிடும் என்று வாயில் ஊறவைத்துத் தின்றேன்.

எப்படித் தெரியாமல் போனது உங்களுக்கு? நம் கூடத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று கை வீச முடியாது. கண்ணாடி போட்டால் வியர்வையில் வழுக்குகிறது என்று நீங்கள் டீவிக்குக் கிட்டவே நின்றீர்கள். நான் பெருந்தன்மையாகப் பின்னால் நின்றுகொள்கிறேன் என்றேன். அந்தப் பின்னால்தான் சோபா இருந்தது.

இதற்கெல்லாம் காரணம் மாத்தளை ரோடுதான் என்று இன்னமும் நினைக்கிறேன். கிளினிக்கில் டொக்டர் நமக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னார், தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி. உங்களுக்குச் சீனி, எனக்குத் தையல் மெசினோடு ஒட்டிப்போன இடுப்பு. சப்பாத்துப் போட்டுக்கொண்டு முதல் நாள் கிளம்பினோம், ஞாபகம் இருக்கிறதா? பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் எட்டுப் பேர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். சும்மா நடக்கிறோம் என்று சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. ஆஸ்பத்திரியில் யார் என்று இரண்டு பேர் துக்கமாக விசாரித்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் நிறுத்தி, காசு வேண்டாம் என்று நம்மைக் கட்டாயமாக ஏற்றி வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். நாம் உள்ளே போவதற்கு முன்பே அண்ணனுக்குக் கடைக்குப் போன் போயிருந்தது, வீட்டில் ஏதோ சண்டையாம், பொம்பளைகள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்களாம்.

அதைக் கேட்டுச் சிரித்த உங்கள் மகன் ரவிதான், லீவில் கட்டாரிலிருந்து வரும்போது தன் பழைய டீவி கேம் பெட்டியைக் கொண்டுவந்தான். ரிமோட்டைக் கையில் கட்டிக்கொண்டு வீசினால் டீவியில் இருக்கும் பொம்மை பந்தை அடிக்கும். பக்கத்து வீட்டு பரீதாவின் மகள் வந்து நமக்கு ஆளுக்கொரு பொம்மை செய்து தந்தாள். உங்களுக்குக் கொண்டை, மூக்குக்கண்ணாடி, பச்சைச் சட்டை. எனக்கு உள்ளதைவிட நிறைய முடி.

நான் அதை விளையாட்டாகத்தான் எடுத்தேன். நீங்கள் அப்படி எடுக்கவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் இன்றைக்குக் குத்துகிறது. முழங்கால் விடாததால் மூன்று வருஷமாக அம்மன் தேர் பின்னால் நடக்க முடியாமல் போனது உங்களுக்கு. இந்த மாசி மகத்துக்காவது முழுசாக நடந்துவிட வேண்டும் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தீர்கள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நீங்கள் அடித்த அடியில் ரவியின் கல்யாணப் போட்டோ ஒரு தடவை கீழே விழுந்தது. கடை மூடி வந்த அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “என்ன, ஈ அடிக்கிறீங்களா?” என்று கேட்டார். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் இருந்த பேட்டரி எல்லாம் ஆட்டத்துக்கே போனது. கூடத்துக் கடிகாரம் நாலு இருபதில் நின்றது. அதற்கு ஒன்று வாங்க வேண்டும் என்று நீங்கள் தினமும் சொன்னீர்கள், நான் தினமும் மறந்தேன்.

மணிக்கட்டை மட்டும் சொடுக்கினால் போதும் என்று கண்டுபிடித்தது மூன்றாம் நாள். நீங்கள் தோள் கழன்றுபோகிற மாதிரி வீசுவீர்கள், பந்து வலையில் விழும். நான் ஈரக் கையை உதறுகிற மாதிரி உதறுவேன், உங்களுக்கு எட்டாத மூலைக்குப் போகும். சந்தேகம் வராமல் இருக்க, மூச்சு வாங்குகிற மாதிரி சத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அது கொஞ்சம் அதிகமாகிவிட்டது போல.

“கொஞ்சம் உக்காரு சரசு, மயக்கம் கியக்கம் வந்துறப் போகுது” என்றீர்கள், டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதைவிட நன்றாக எப்படி உட்காருவது அண்ணி? ஆட்டம் முடிந்ததும் நேரே குசினிக்குப் போய் எனக்கு இஞ்சி பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தீர்கள். குடித்தேன். சீனி காணாது என்று வேறு சொன்னேன்.

பிறகு அந்த உடம்பு வயசுப் பரீட்சை. விளையாடுகிற விதத்தைப் பார்த்து உடம்புக்கு எத்தனை வயசு என்று பெட்டி சொல்லும். ஐம்பத்தெட்டு வயசான உங்களுக்கு எழுபத்தாறு என்றது. சோபாவுக்கு முப்பத்தெட்டு என்றது. நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் தெரியுமே. பரீதாவிடம் சொன்னேன், கோயிலில் சொன்னேன், தைத்துக் கொடுத்த ஒவ்வொரு பிளவுசோடும் அந்த எழுபத்தாறையும் மடித்துக் கொடுத்தேன். ‘பாட்டி சுகமா’ என்று யாரோ உங்களைக் கேட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னீர்கள்.

மறுநாள் உங்கள் ரிமோட் உறைக்குள் போய்விட்டது. ஏன் என்று கேட்டேன்.

“தேர் பின்னால நடக்குற ஒடம்பு இல்லடி இது. மெசினே சொல்லிருச்சே.”

அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்துதான் ஜெயித்தேன் அண்ணி, உங்கள் உடம்பு நல்லாத்தான் இருக்கிறது, எழும்புங்கள் என்று ஒரு வரி. ஊர்க்கதை எல்லாம் பேசிய வாய்க்கு அந்த ஒரு வரி வரவில்லை. முப்பத்தெட்டை விட்டுக்கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான்.

தேர் அன்று நீங்கள் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தீர்கள். தேர் வந்ததும் எழும்பி, ஐந்து தேரும் கடந்துபோகும் வரை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்கும் சேர்த்து நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிய நான், இரண்டாவது தெருவில் வளையல் கடையில் நின்றுவிட்டேன். அங்கேயே சாயந்தரம் வரை இருந்துவிட்டு, கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்கள் எண்ணெய் தேய்த்துவிட்டீர்கள்.

ஆடியில் ஒரு காலை, அரிசி களைந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தீர்கள், பிறகு எழும்பவே இல்லை. நடந்திருந்தாலும் வந்திருக்கக்கூடிய நெஞ்சு வருத்தம்தான் என்று டொக்டர் சொன்னார். அண்ணன் அதையே எல்லாரிடமும் திருப்பிச் சொல்கிறார், நானும் தலையாட்டுகிறேன். ஆனால் அந்த எழுபத்தாறைப் பற்றி டொக்டருக்கு யார் சொன்னது?

வீட்டுப் புதினம் வேறென்ன? அண்ணன் இன்னமும் இரண்டு கோப்பை எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறார். என் குழம்பை நல்லா இருக்கு என்கிறார், பயமாக இருக்கிறது. நான் தினமும் காலையில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, உங்கள் ரிமோட்டைக் கையில் கட்டி, நின்றுகொண்டு விளையாடுகிறேன். நீங்கள் நின்ற அதே இடத்தில்தான். தனியாக ஆடும்போது உங்கள் பச்சைச் சட்டைப் பொம்மை வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் பந்தைத் தவறவிட்டாலும் கை தட்டுகிறது. அதற்கு யார் அப்படிச் சொல்லிக்கொடுத்தது அண்ணி?

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், ஊர் படிக்கும். படிக்கட்டும். உங்கள் எழுபத்தாறை ஊரெல்லாம் கொண்டுபோனவள், தன் சோபாவையும் ஊருக்கே சொல்வதுதான் முறை.

கோயிலில் கொடியேற்றத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். சாமி படத்துக்குப் பின்னால் உங்கள் மஞ்சள் முடிச்சு அப்படியே இருக்கிறது. இந்த மாசிக்கு அதை எடுத்துக்கொண்டு, செருப்பில்லாமல், தேர் புறப்படுகிற இடத்திலிருந்து திரும்பி வந்து நிற்கிற இடம் வரை நடப்பேன். வளையல் கடைப் பக்கம் திரும்ப மாட்டேன். சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் எண்ணெய் தேய்த்துவிட்ட காலோடு,
உங்கள் வாயாடி நாத்தனார் சரசு

பி.கு.: கூடத்துக் கடிகாரம் இப்போது சரியாக ஓடுகிறது. உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து, என் ரிமோட்டில் இருந்த பேட்டரியில்.