முன் சக்கரத்துக்கு நான் அடித்த காற்று

இன்று காலை நம் பம்பைப் பிரித்து, உள்ளேயிருக்கும் தோல் வாஷருக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். எண்ணெய் ஊறிய தோலும் பழைய ரப்பரும் கலந்த வாசனை கையில் ஏறியதும் நீ வந்து பக்கத்தில் நின்றுவிட்டாய். செத்தவர்கள் வெள்ளைப் புடவையில் வருவார்கள் என்று யார் சொன்னது? நீ பள்ளிக்கூடத்துக்குப் போகிற நீலப் புடவையில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வருகிறாய்.

உன் தங்கைக்காகத்தான் பம்பைப் பிரித்தேன். அவளுக்கும் நம் பள்ளியிலேயே டீச்சர் வேலை கிடைத்து, சைக்கிள் வாங்கியிருக்கிறாள். "அக்கா, நாளைக்கு வந்து காத்து அடிச்சுக்கறேன்" என்று நேற்று சொல்லிவிட்டுப் போனாள். அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பம்பு வாங்கிய நாள் உனக்கு நினைவிருக்கும். ஆஸ்டின் டவுனில் இரண்டு டீச்சரம்மாக்கள் சைக்கிள் கடை வாசலில் காற்று அடித்துக்கொண்டு நின்றால் தெருவே வேடிக்கை பார்க்கிறதென்று, பாதிப் பாதி காசு போட்டுச் சொந்தமாக ஒன்று வாங்க சிவாஜி நகர் போனோம். எனக்குத் தடித்த பித்தளைப் பம்பின் மேல்தான் கண். கடைக்கார பாய், "மோட்டா பம்பு டீச்சரம்மா, நாலே அடியில நெறஞ்சுடும்" என்றார். நீ அதன் வாயைக் கட்டைவிரலால் அடைத்து, பிடியை அமுக்கிப் பார்த்தாய். "பாதி நெறஞ்சதும் இதை அமுக்க உனக்கு இன்னொரு ஆள் வேணும்டி. ஒல்லியா இருக்கறதுதான் கடைசி வரைக்கும் எறங்கும்" என்றாய். ஒல்லிப் பம்புகள் ஐந்தாறை அதே போல் சோதித்து, விரலடியில் கசியாத ஒன்றைப் பொறுக்கினாய். "நம்ம கடைக்கே வேலைக்கு வந்துடறீங்களா?" என்றார் பாய். வீடு வரும்வரை அதைச் சொல்லியே உன்னைக் கேலி செய்தேன்.

நீ காற்று அடிப்பது ஜெபம் பண்ணுவது மாதிரி இருக்கும். குறுக்கே பேசினால் கோபம் வரும். அடித்து முடித்ததும் வால்வின் நுனியில் எச்சிலைத் தொட்டு வைத்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பாய். அப்புறம் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பாய். "பின்னால கல்லு மாதிரி இருக்கணும். முன்னால கொஞ்சம் அமுங்கணும்" என்பாய். உன் முன் டயரில் ஒரு கிழிசல் இருந்தது. உள்ளே பழைய டயர்த் துண்டு வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாய். அதனால் அதற்கு இன்னும் குறைவாகத்தான் காற்று, வெயிலில் காற்று விரிந்தால் கிழிசல் தாங்காதென்று நிற்பதும் எப்போதும் மர நிழலில்தான். விரல் வைத்துப் பார்க்காமல் ஏற மாட்டாய். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் பள்ளி. பம்பை வாரத்துக்கு ஒருவராக வைத்திருப்போம், அந்த வாரம் என் முறை. உனக்குச் சர்ச்சில் கொயர் பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிறதே என்று, நீ தலைமையாசிரியை அறையில் இருந்தபோது உன் வண்டியை நானே வெளியே எடுத்து, இரண்டு சக்கரத்துக்கும் கை ஓயும்வரை அடித்தேன். உன் மேலிருந்த ஆசையில் அடித்தேன். கிழிசல் நினைவுக்கே வரவில்லை. அப்புறம் முக்கால் மணி நேரம் வண்டி வெயிலில் நின்றது.

நீ ஓடி வந்தாய். பழக்கப்படி குனிந்து, முன் சக்கரத்துக்கு விரலை நீட்டினாய்.

"நான் பாத்துட்டேன்டி. என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

நீ சிரித்தாய். விரலை மடக்கிக்கொண்டு ஏறிப் போனாய்.

ஓசூர் ரோடு இறக்கத்தில் முன் டயர் வெடித்தது. உன் தலை ஓரக்கல்லில் மோதியது. நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பழைய டயர் என்று ஊர் சொன்னது. கர்த்தர் சித்தம் என்றார் உன் அம்மா. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக என்னையே ஏமாற்றிக்கொள்கிறேன். அடுத்த மாதம் உன் அம்மா உன் சாமான்களை ஒழித்தபோது என்னைக் கூப்பிட்டு, "பம்புல உன் பங்குக்கு மேல அவ பங்கும் உனக்குத்தாம்மா" என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

என் சைக்கிளை விற்றுவிட்டேன், எங்கேயும் நடைதான். யாராவது காற்று அடிக்கிற சத்தம் கேட்டால் என்னை அறியாமல் அடிகளை எண்ணுகிறேன். போதும், போதும் என்று வாய் முணுமுணுக்கிறது. எதிரில் வருகிறவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை.

சற்று முன்தான் உன் தங்கை வந்துவிட்டுப் போனாள். பம்பைக் கொடுத்துவிட்டு நான் எட்டியே நின்றேன். அடித்து முடித்து, "சரியா இருக்கான்னு நீங்க தொட்டுப் பாத்து சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா சரி" என்றாள்.

"நான் பாக்க மாட்டேன். நீயே பாரு."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவள் மிரண்டுபோய்க் குனிந்து முன் டயரில் கட்டைவிரலை வைத்தாள். அகல நகம், உன் விரலேதான்.

"எங்க அக்காவும் இப்பிடித்தான் பாப்பாளா?" என்று நிமிராமலே கேட்டாள்.

"ஒரு நாளும் விட்டதில்ல" என்றேன்.

நீ விட்ட அந்த ஒரு நாளை இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.