இரு தரப்பினர்

ஆகஸ்ட் 4, திங்கள்

புழுக்கம். மதியம் மேகம் கூடி, பெய்யாமல் போனது. கல்லூரிக்கு நடந்தே சென்றேன். மந்தைவெளி வீட்டிலிருந்து இருபத்திரண்டு நிமிடம். சட்டை நனைந்துவிட்டது.

மூன்றாம் செமஸ்டர். அமைதி, முரண்பாடு பற்றிய முதுகலை. வகுப்பில் பதினொரு பேர். பேப்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவன் நான் ஒருவன். மற்றவர்கள் என் மகளைவிடச் சிறியவர்கள்.

இன்று ஆய்வேட்டுத் தலைப்பை முன்வைக்க வேண்டிய முறை எனக்கு. நிருபராக இருந்தபோது எழுதிய செய்தி ஒன்றை எடுத்திருந்தேன். இங்கே கால்வாயோரக் குடியிருப்பில், தண்ணீர் லாரி வரிசையில், ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடந்த சண்டை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது இரண்டு பிளாக்குக்காரர்களும் ஒரே குழாயில் பிடிக்கிறார்கள். சமாதானம் எப்படி வந்தது? இதுதான் கேள்வி. பலகையில் இரண்டு வட்டம் வரைந்து, நடுவே இருபக்கமும் கூர் வைத்து ஓர் அம்பு போட்டேன். திருத்தமாக இருந்தது.

வழிகாட்டி நிவேதா மேடம். முப்பத்தைந்து வயதிருக்கும். மெல்லப் பேசுவார். கேட்டது ஒன்றே ஒன்று.

"காயம்பட்டது ஏழு பேர்னு சொன்னீங்க சார். எந்த பிளாக்ல எத்தனை பேர்?"

தெரியாது என்றேன்.

"இல்ல, அம்புக்கு ரெண்டு பக்கமும் கூர் வெச்சிருக்கீங்களே, அதான்."

பின் பெஞ்சிலிருந்து சந்தோஷ்: "அங்கிள் அப்பவே மேட்ச்ச டிராவுல முடிச்சிட்டாரு மேடம்."

சிரிப்பு. நானும் சிரித்தேன்.

வாங்க வேண்டியவை: ரெக்கார்டருக்கு பேட்டரி. கோப்பு அட்டை 2. வீட்டில் வசந்தாவுக்கு மூட்டுவலித் தைலம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை முழுக்கப் பரணில். தும்மல். என் செய்திகளைக் கத்தரித்து ஒட்டிய நோட்டுகளில் நான்காவதில் கிடைத்தது. ஒற்றைப் பத்தி, ஆறாம் பக்கம். பெயர் கிடையாது, 'நமது நிருபர்' மட்டும். முதல் வரிகள்:

'மந்தைவெளியில் குடிநீர் பிடிப்பதில் ஏற்பட்ட தகராறில் இரு தரப்பினர் மோதிக்கொண்டனர். இதில் ஏழு பேர் காயமடைந்தனர். இரு தரப்பிலும் தலா நான்கு பேர் கைது செய்யப்பட்டனர்.'

கீழே எட்டுப் பெயர், வயது, பிளாக். காயம்பட்டவர்கள் பெயர் இல்லை.

நேரில் போனேனா? போகவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆனால் அன்று சட்டமன்றம் இருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். எழுத்தர் மூன்று வரி சொன்னார். 'இரு தரப்பினர்' அவர் சொன்னதா, நான் போட்டதா? நினைவில்லை. நானே போட்டிருப்பேன். விவரம் தெரியாத சண்டைக்கெல்லாம் டெஸ்க்கில் அதுதான் வார்த்தை. யாரும் மறுநாள் போன் செய்து திட்டமாட்டார்கள். புதிதாக வரும் பையன்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மாலை பி பிளாக்குக்குப் போய் விசாரித்தேன். கைதானவர்களில் அந்தோணி என்பவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் செக்யூரிட்டி. மனைவி ஜெயமேரி அடையாறில் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா. ஜெயமேரி வியாழக்கிழமை வரச் சொன்னார்.

பேட்டிக்கான ஒப்புதல் படிவம் நிரப்பி வைத்தேன். மூன்றாவது கேள்வி: ஆய்வாளருக்கும் பேசுபவருக்கும் முன்தொடர்பு உண்டா? 'இல்லை' என்பதில் டிக்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வெயில். 5.40க்கு பி பிளாக், இரண்டாம் மாடி. ஜெயமேரிக்கு ஐம்பது ஐம்பத்தொன்று இருக்கும். வேலை முடிந்து வந்து முகம் கழுவி உட்கார்ந்திருந்தார். படிவத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்து. அந்தோணி டியூட்டியில்.

"அவரு பேசமாட்டாரு சார். இந்தப் பேச்சு எடுத்தாலே சட்டைய மாட்டிக்கினு கீழ பூடுவாரு. நான் சொல்றேன், எழுதிக்கோ."

சொன்னார். லாரி வந்தபோது வரிசையில் முன்னால் நின்றது பி பிளாக். யார் எப்போது பிடிப்பது என்ற முறையைத் தன் கையில் வைத்திருந்த ஏ பிளாக் ஆள் ஒருவன் 'எங்களுக்கு அப்புறம்தான்' என்றான். இவர்கள் நகரவில்லை. கால் மணியில் ஏ பிளாக்கிலிருந்து இரும்பு பைப்போடு பத்துப் பன்னிரண்டு பேர். குடத்தைக் கையில் வைத்திருந்தவர்களுக்குத்தான் முதல் அடி. காயம்பட்டவர்களை ஒவ்வொரு விரலாக மடக்கிப் பெயரும் கதவு எண்ணும் சொன்னார். ஏழு. ஏழும் பி பிளாக்.

"அப்ப உங்க வீட்டுக்காரரை ஏன் பிடிச்சாங்க?"

"ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ புடிச்சிக் குடுத்தாரு, அதுக்கு. அங்க நாலுன்னா இங்க நாலு. அப்பதான் கேஸு சமமா நிக்குமாம்."

பிறகு ஜெயமேரி நிமிர்ந்து உட்கார்ந்து, ரேடியோ செய்தி வாசிப்பதுபோல் சொன்னார்: "மந்தைவெளியில் குடிநீர் பிடிப்பதில் ஏற்பட்ட தகராறில் இரு தரப்பினர் மோதிக்கொண்டனர்."

என் வாக்கியம். ஓர் எழுத்து மாறவில்லை.

"ஸ்கூல்ல அட்டெண்டரா இருந்தாரு சார். அடுத்த மாசம் பர்மனன்ட் ஆவுற வேல. ஸ்கூல் கரஸ்பான்டன்ட் ஃபாதர் பேப்பர டேபிள் மேல வெச்சிக்கினு படிச்சாரு. நான் எதுக்க நின்னுக்கினு இருந்தேன். ஃபாதர், இவரு அடிக்கலன்னு சொன்னேன். பேப்பர்லயே வந்துட்டுதேம்மான்னாரு. வேல போச்சு. கேஸு ஒம்பது வருஷம். விடுதலதான். அது எந்தப் பேப்பர்ல வந்துச்சு?"

எதிலும் வரவில்லை. எனக்குத் தெரியும்.

"நாங்க எங்க சார் மோதிக்கினோம்? மோதறதுன்னா ரெண்டு வண்டியும் ஓடணுமில்ல? எங்க வண்டி நின்னுக்கினு இருந்துச்சு."

டீ கொடுத்தார். குடித்தேன். நான்தான் எழுதினேன் என்று சொல்லவில்லை. ரெக்கார்டரில் 48 நிமிடம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சரியாகத் தூங்கவில்லை. வகுப்புக்கு முன் நிவேதா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

"மூணாவது கேள்விக்கு இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"அவங்கள நான் பார்த்ததே இல்ல மேடம்."

"பார்க்காம எழுதினதுதானே சார் இங்க தொடர்பே."

அவர் சொன்னது: நான் யார் என்று ஜெயமேரியிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் சம்மதித்தால் பேட்டியைப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் அழிக்க வேண்டும். ஆய்வுத் திட்டம் 18ஆம் தேதிக்குள் தர வேண்டும். இந்தப் பேட்டி இல்லாமல் என்னிடம் ஒன்றும் இல்லை.

"பேரே போடாத செய்தி. சொல்லாட்டி அவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்றேன்.

"தெரியாதுதான்" என்றார். எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார்.

மின் கட்டணம் கட்டியாயிற்று. கண்ணாடியில் இடது திருகு தளர்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

தி.நகர், வசந்தாவோடு. படுக்கை விரிப்பு 2, தலையணை உறை 4. கூட்டத்தில் ஒவ்வொரு ஜவுளிக்கடை வாசலிலும் செக்யூரிட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்தோணியைப் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. நான் எழுதியபோது அவருக்கு வயது 29, அவ்வளவுதான் தெரியும்.

டீக்கடையில் இன்றைய பேப்பர். ஏதோ ஊரில் இரு தரப்பினர் மோதல், ஐவர் காயம். பெஞ்சில் இரண்டு ஆட்டோக்காரர்கள்.

"இன்னா நைனா போட்டுக்கீறான்?"

"ரெண்டு கோஷ்டியும் அடிச்சிக்கினாங்களாம்."

"அடிச்சவன் யாரு, வாங்கினவன் யாரு?"

"அதெல்லாம் போடல."

"அப்ப இன்னாத்துக்கு அத படிச்சிக்கினு கீற? சினிமா பக்கத்த குடு."

வசந்தா பஸ்ஸில்: "ரெண்டு நாளா மொகம் நல்லாயில்ல. போய்ச் சொல்லிட்டு வந்துடுங்களேன். கழுத்தையா சீவிடப்போறாங்க?"

சொன்னால் படிப்பு போகும் என்றேன். "படிக்காமலே முப்பது வருஷம் எழுதினீங்கல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் சிறு தூறல். ஜெயமேரியும் கணவரும் சர்ச்சில் பூசை முடிந்து வரும்வரை பி பிளாக் மாடிப்படியில் நின்றேன். 9.20க்கு வந்தார்கள். அந்தோணியை முதல்முறையாகப் பார்த்தேன். ஒல்லி. வெள்ளைச் சட்டை. வலது முழங்கை முழுதாக நீளவில்லை. ஜெயமேரி சொன்ன ஏழு பேரில் அவர் இல்லை. அந்த முழங்கை எப்படி என்று தெரியவில்லை. கேட்கவில்லை.

உள்ளே போய் உட்காராமலே சொன்னேன். அந்தச் செய்தியை எழுதியது நான். நேரில் வரவில்லை. போனில் கேட்டு எழுதினேன். வியாழக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்.

ஜெயமேரி தலையில் போட்டிருந்த முக்காட்டை எடுத்து மடித்தார். நிதானமாக.

"நமது நிருபர்னு போட்டிருந்துச்சே. அது நீயா?"

"ஆமா."

"யாருக்கு நமதுன்னு நான் அப்பவே கேட்டேன். இவரைத்தான் கேட்டேன். இவருக்கு இன்னா தெரியும்?"

மன்னிப்புக் கேட்டேன்.

"எங்க வூட்டு டீய குடிச்சிக்கினு, நான் சொல்லச் சொல்ல தலைய ஆட்டினியே சார். ஒண்ணுமே தெரியாத மாதிரி."

"தப்புதான்மா."

"இப்ப திருத்தி எழுதுவியா? உங்க பேப்பர்ல?"

நான் இப்போது பேப்பரில் இல்லை, இத்தனை வருடம் கழித்துப் போடமாட்டார்கள், ஆய்வேட்டில் உண்மையை எழுத முடியும் என்றேன்.

"அத யார் படிப்பா?"

யோசித்து, மூன்று பேர் என்றேன். வழிகாட்டி, தேர்வாளர் இருவர்.

ஜெயமேரி சிரித்துவிட்டார். பிறகு கையை நீட்டினார். "அந்தக் காகிதத்த குடு."

கொடுத்தேன். நான்காய்க் கிழித்தார். ரெக்கார்டரை அவர் பார்க்கவே அழித்தேன். அழிந்ததா என்று வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். அந்தோணி அதற்குள் கீழே போய்விட்டார். படிவத்தோடு கொடுத்த தகவல் தாள், என் போன் நம்பர் போட்டது, டிவி மேலேயே இருந்தது. அதை அவர் கிழிக்கவில்லை. கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நல்ல மழை, பிற்பகல் மூன்று முதல் நாலரை வரை. கல்லூரி வாசலில் தண்ணீர்.

நிவேதா மேடத்திடம் சொன்னேன். பேட்டி போயிற்று, தலைப்பும் போயிற்று. பரண் நோட்டுகளில் 'இரு தரப்பினர்' எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். எண்ணியதில்லை. அதையே எடுக்கலாம் என்றார்: அடி வாங்கியவரையும் அடித்தவரையும் ஒரே சொல்லில் போடுவதைப் பற்றி. என் செய்திகள் மட்டும், என் பெயர் போட்டு. யாரையும் பேட்டி காண வேண்டாம்.

சந்தோஷ் குடை பிடித்து ஸ்டாப் வரை வந்தான். "அங்கிள், உங்க மேல நீங்களே கேஸ் போட்டுக்கறீங்க. வெளங்கும்."

சம்மதம் என்று மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். இரவு சாப்பாடு: உப்புமா.

ஆகஸ்ட் 14, வியாழன்

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. முதல் நோட்டில் பதினாறு இடம். இரண்டாவது நோட்டு பாதிதான் முடிந்தது.

மாலை 5.50க்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். "அந்தோணி. மந்தைவெளி ரயில்வே ஸ்டேஷன் மேல, பிளாட்பாரத்துல கீறேன். வரியா சார்?"

போனேன். பெஞ்சில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தார், தொப்பி மடியில். இன்று பாதி ஷிஃப்டாம்.

"வூட்ல சொல்லல. அவ கோவம் அவளுது. அதுல நான் கைய வெக்கமாட்டேன்."

"சரிங்க."

"அப்ப நீ என்னாண்ட கேக்கல சார். போலீஸ்காரன்கிட்ட போன்ல கேட்ட."

"ஆமா."

"இப்ப கேக்கிறியா? பேப்பருக்கு இல்ல. காலேஜுக்கும் இல்ல."

அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். லாரி வந்ததிலிருந்து தொடங்கினார். குறுக்கே பேசவில்லை. வேளச்சேரி பக்கம் மூன்று ரயில் போயின. பையில் நோட்டும் பேனாவும் இருந்தன, எடுக்கவில்லை. முழங்கையைப் பற்றியும் சொன்னார்.

முடித்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எங்கியும் எழுதி வெக்காத சார்."

சரி என்றேன்.